நவமி கழிந்து புறப்பட்ட ரயில்

காலை ஆறு பத்து. வேலைக்கு, டோர்வல் விமான நிலையப் பக்கம் போகும் பேருந்தில் இருக்கிறேன். வெளியே மைனஸ் பத்தொன்பது. உறைந்த கண்ணாடியில் ஒவ்வொருவரும் ஒரு கை அகலத்துக்குத் துடைத்து வைத்துக்கொண்டு அதன் வழியாகத் தங்கள் நிறுத்தத்தைத் தேடுகிறார்கள். என் கைப்பேசி அதிர்கிறது. உங்கள் ரயில் ஒன்பது நிமிடம் தாமதமாக ஓடுகிறது, அடுத்த நிறுத்தம் பிராங்பேர்ட், வருந்துகிறோம் என்று ஜெர்மன் மொழியில் ஒரு செய்தி. அந்த மொழியை நான் படித்ததில்லை. ஆனால் ரயில் தொடர்பான முப்பது நாற்பது சொற்கள் இந்தப் பனிக்காலத்தில் எனக்குப் பழகிவிட்டன. மொன்றியலில், பனி வாரும் வண்டிக்குப் பின்னால் ஊர்ந்துபோகும் பேருந்தில் இருக்கும் ஒருவனிடம், பிராங்பேர்ட்டுக்கு ஒன்பது நிமிடம் பிந்துவதற்கு மன்னிப்புக் கேட்கிறார்கள்.

அந்த ரயிலின் ஏழாம் பெட்டியில் அறுபத்தோராம் இருக்கை, சன்னலோரம், என் அக்கா இந்திராணியின் பெயரில் பதிவாகியிருக்கிறது. அதைப் பதிந்தவன் நான். அதனால்தான் செய்திகள் எனக்கு வருகின்றன. இருக்கையில் இப்போது யாரும் இல்லை. அக்கா சுவிஸில், பேர்ன் நகரத்தில், எங்கள் தம்பி குகனின் வீட்டில் இருக்கிறார். இன்று டென்மார்க்குக்குத் திரும்பியிருக்க வேண்டியவர். முப்பத்தோராம் நாள் ஈமக்கிரியையான அந்தியேட்டி முடியும்வரை அங்கேயே நிற்கப்போவதாகச் சொல்லிவிட்டார். மாற்றமுடியாத டிக்கெட் என்பதால் மாற்றவில்லை. இரவு இரண்டு மணிக்கே பேர்னில் ரயில் புறப்பட்ட செய்தி வந்திருந்தது, எழுந்தபின்தான் பார்த்தேன். அப்போதிருந்து, ஆளில்லாத ஓர் இருக்கை ஐரோப்பாவை வடக்கு நோக்கிக் கடந்துகொண்டிருக்கிறது.

நாங்கள் மூன்று பேர். அக்கா டென்மார்க்கில் ஹேர்னிங் என்ற சிறிய நகரத்தில். நான் இங்கே. குகன் பேர்னில், ஓர் உணவகத்தின் சமையலறையில் இருபத்தெட்டு ஆண்டுகள். ஒரே கண்டத்தில் இருந்த அந்த இருவரும் பதினொரு ஆண்டுகளாகக் கதைக்கவில்லை. காரணத்தை இங்குள்ள பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். எங்கள் வயதுக்காரர் சிரிக்கமாட்டார்கள். குகன் தன் மகளின் கல்யாணக் கார்டை அக்காவுக்குத் தபாலில் அனுப்பினான். கூடப்பிறந்தவளுக்கு, அதுவும் மூத்தவளுக்கு, கார்டை நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். தட்டில் வைத்து, குங்குமம் கொடுத்து, வாருங்கள் என்று வாயால் சொல்ல வேண்டும். "ஒரு ரயில் ஏறி வந்து தர ஏலாதோ அவனுக்கு? முத்திரை ஒட்டி அனுப்ப நான் என்ன வரி கட்டுற கந்தோரே?" என்று அக்கா என்னிடம் அப்போது கேட்டார். கல்யாணத்துக்குப் போகவில்லை. அதன்பின் இருவரும் என் வழியாகத்தான் ஒருவரைப் பற்றி மற்றவர் அறிந்தார்கள். அட்லாண்டிக்கைக் கடந்து மொன்றியலுக்கு வந்து, திரும்பவும் அட்லாண்டிக்கைக் கடந்து போன செய்திகள்.

கடந்த ஒக்டோபரில் குகனின் நோய் ஈரலைத் தாண்டிவிட்டது என்று தெரிந்ததும் நான் பேர்னுக்குப் போய் இரண்டு கிழமை இருந்தேன். கட்டிலில் தலையணையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, கார்டின் கதையை அவனே எடுத்தான். "அண்ணை, நான் போகாமல் விட்டனான் எண்டு நினைக்காதேங்கோ. மூண்டு தரம் ஸ்டேஷனுக்குப் போனனான்." இரண்டு நாள்தான் லீவு. முதல் தரம் போனபோது கவுண்டரில் இருந்தவர் ஹம்பேர்க் வரைக்கும்தான் தன்னால் விற்க முடியும், அதற்கப்பால் டென்மார்க்காரரிடம் கேள் என்றார். இரண்டாம் தரம், டென்மார்க் இணையத்தளத்தில் தன் வங்கி அட்டை எடுபடவில்லை என்ற தாளோடு போனான். மூன்றாம் தரம் போனபோது கடைசி வண்டியைப் பிடித்து அதிகாலையில் இறங்கினால், கார்டைக் கொடுத்துவிட்டு அரை மணித்தியாலத்தில் திரும்ப வேண்டும் என்று கணக்கு வந்தது. "அரை மணித்தியாலம் நிண்டிட்டு ஓடினால் அக்கா இன்னும் கோவிப்பா எண்டிட்டுத் தபால்ல போட்டன்." நான் இதை அக்காவிடம் சொல்கிறேன் என்றேன். அவன் என் கையைப் பிடித்தான். "வேண்டாம் அண்ணை. நான்தான் சொல்ல வேணும். நேரில சொல்ல வேணும். தபால்ல அனுப்பினதுக்கு விளக்கத்தையும் இன்னொருவரிட்டக் குடுத்துவிடுறதே?" நான் சம்மதித்தேன். அப்போது அது நியாயமாகப் பட்டது.

ஜனவரி நடுவில் குகனின் மனைவி சாந்தி அழைத்தார். மாதக் கணக்கில்லை, கிழமைக் கணக்குத்தான் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அன்றே அக்காவுக்குச் சொன்னேன். "ரயில் கிடக்கோ எண்டு பார்" என்றார். பதினொரு ஆண்டுக் கோபம் அந்த ஒரு வரியில் முடிந்தது. விமானத்தில் போயிருந்தால் ஒன்றரை மணிநேரம். ஆனால் அக்காவுக்கு இடது கண்ணின் விழித்திரையில் சத்திரசிகிச்சை செய்து, உள்ளே வாயுக்குமிழ் வைத்திருந்தார்கள். அது கரையும்வரை விமானம் ஏறக்கூடாது. ஏறினால் அழுத்தத்தில் கண் போய்விடும். அத்தான் இறந்து நான்கு ஆண்டு. மகள் அவுஸ்திரேலியாவில். ஹேர்னிங்கில் எங்கள் ஆட்கள் ஐம்பது குடும்பம் இருந்தும் ஒருவரிடமும் டிக்கெட் எடுத்துத்தரக் கேட்கமாட்டார். "முதல் நான் இறங்கிப் போறன் எண்டு ஊர் முழுக்கக் கதைக்கும். நீயே எடு தம்பி, நீ பேப்பரில இருந்தனி, உனக்குத்தான் இதுகள் பிழைக்காது."

பேப்பரில் இருந்தவன் என்பது உண்மை. யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் ஆறு ஆண்டுகள் உதவி ஆசிரியனாக இருந்தேன். மரண அறிவித்தல்களைச் சரிபார்ப்பது என் பொறுப்பு: திகதியும் கிழமையும் பொருந்துகிறதா, மருமக்களின் பெயர் விடுபட்டதா, பிள்ளைகளின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் வரும் நாடுகள் சரியா. அந்தப் பழக்கம் போகவில்லை. இந்தப் பயணத்தையும் ஒரு பக்கத்தை அமைப்பதுபோலவே தொடங்கினேன். ஒரு பெரிய தாளில் நான்கு நிரல்கள் கீறி, டென்மார்க் நேரம், மொன்றியல் நேரம், மாறும் நிலையம், மாறக் கிடைக்கும் நிமிடம் என்று எழுதினேன்.

ரயிலில் ஐரோப்பா ஒரே நாடு என்று நினைத்திருந்தேன். எல்லையில் யாரும் கடவுச்சீட்டுப் பார்ப்பதில்லை என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள். எல்லையைத் தண்டவாளம் மறந்திருக்கிறது. டிக்கெட் விற்பவர்கள் மறக்கவில்லை. ஒரு தளம் ஹேர்னிங்கிலிருந்து ஹம்பேர்க் வரை விற்கும். அதன் வரைபடத்தில் அதற்குத் தெற்கே வெறும் சாம்பல் நிறம். இன்னொரு தளம் ஹம்பேர்க்கிலிருந்து பேர்ன் வரை விற்கும். ஹேர்னிங் என்று எழுதினால் அப்படி ஒரு நிலையம் இல்லை என்றது. இரண்டையும் சேர்த்து விற்பதாகச் சொன்ன மூன்றாவது தளம், பணம் கட்டும் பக்கம் வரைக்கும் ஆங்கிலத்தில் வந்து, அங்கே திடீரென்று ஜெர்மனுக்கு மாறியது. தொலைபேசி எண் கேட்ட பெட்டி கனடா எண்ணை ஏற்கவில்லை. அக்காவின் எண்ணைப் போட்டால் உறுதிப்படுத்தும் குறியீடு அவருக்குப் போகும். ஒற்றைக் கண்ணால் அவர் அதை வாசித்து எனக்குச் சொல்வதற்குள் பக்கம் காலாவதியாகிவிடும். பதினைந்து நிமிடம் மேல் மூலையில் ஓடும். ஒரு தடவை எல்லாம் சரியாக வந்து, சன்னலோரமா நடைபாதையோரமா என்று கேட்டது. அக்காவை அழைத்தேன். "பக்கத்தில ஆர் இருப்பினம்?" என்றார். அது தெரியாது என்றேன். "அதையல்லோ முதல் கேக்க வேணும்." பதினைந்து நிமிடம் முடிந்தது.

என் வங்கி என் அட்டையை முடக்கியது. டென்மார்க்கில் யாரோ என் அட்டையால் ரயில் டிக்கெட் வாங்கப் பார்க்கிறார்கள் என்று ஒரு பெண் அழைத்து எச்சரித்தார். அது நான்தான் என்றேன். நீங்கள் டென்மார்க்கில் இருக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை, மொன்றியலில். பயணம் போவது யார்? அக்கா. அவர் எங்கே? டென்மார்க்கில். அப்படியானால் அவர் ஏன் வாங்கவில்லை? இந்தக் கேள்விக்குக் கல்யாணக் கார்டிலிருந்து தொடங்கித்தான் பதில் சொல்ல முடியும். அவருக்குக் கண் தெரியாது என்று மட்டும் பிரெஞ்சில் சொன்னேன். அவர் மிகவும் வருந்தி, கண் தெரியாதவர்களுக்கான உதவிச் சேவையின் எண்ணைத் தந்தார். அது மொன்றியல் மெத்ரோ ரயிலுக்கான எண்.

ஐரோப்பிய உதவி இணைப்பு ஒன்றில் பிரெஞ்சு பேசும் ஒருவர் கிடைத்தார். நான் மூன்று வசனம் சொன்னதும் நிறுத்தி, "நீங்கள் கியூபெக்காரரா?" என்றார். என் வாயில் வந்த இந்த மாகாணத்து உச்சரிப்பைக் கேட்டு அவருக்குச் சிரிப்பு. இந்த நகரத்தில் முப்பத்தொரு ஆண்டாக, எந்த நாட்டிலிருந்து வந்தாய் என்ற கேள்வியோடுதான் எல்லோரும் என்னிடம் பேச்சைத் தொடங்குகிறார்கள். என்னைக் கியூபெக்காரன் என்று முதலில் அழைத்தவர் என் முகத்தைக் காணாத ஒருவர். எனக்கு ஒரு கணம் பெருமையாகவே இருந்தது. பிறகு அவர், இரண்டு நிறுவனங்களின் டிக்கெட்டைத் தனித்தனியே எடுத்தால், முதல் ரயில் பிந்தி இரண்டாவது தவறினால் யாரும் பொறுப்பல்ல என்று விளக்கினார். அந்த வசனம் என்னைப் பிடித்துக்கொண்டது. ஒற்றைக் கண்ணோடு, எழுபத்தொரு வயதில், ஹம்பேர்க் நிலையத்தில் அக்கா தனியாக நிற்கும் காட்சியைத் தவிர வேறெதையும் நான் அதன்பின் நினைக்கவில்லை. மாறுவதற்கு இருபது நிமிடமா, ஐம்பத்தைந்தா, இரண்டு மணியா என்று நாட்களைக் கழித்தேன். என் மனைவி வசந்தி மேசையில் கிடந்த தாள்களை ஒதுக்கிவிட்டுச் சோற்றுக் கோப்பையை வைத்தாள். "இஞ்சருங்கோ, டிக்கெட் எடுக்கிறியளோ, இல்லாட்டிப் பேப்பர் அடிக்கிறியளோ? பேர்ன்ல அந்தாள் உங்கட பக்கம் முடியுமட்டும் காத்துக்கொண்டு கிடக்குமே?" அவள் கேட்டது சரியான கேள்வி.

அந்த நாட்களில் எனக்கு அடிக்கடி ஞாபகம் வந்தது யாழ்ப்பாண நிலையத்தின் டிக்கெட் யன்னல். சுவரில் ஒரு துளை, அதற்குள் ஒரு கை. கொழும்புக்கு மூன்று என்றால் தடித்த அட்டையில் மூன்று துண்டு வரும். ஒரே பாதை, ஒரே திசை, பிழைவிட இடமில்லை. பிறகு போர் வந்தது, ரயில் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்கு குழிகளுக்குக் கூரையாகப் போயின. குகன் வீட்டில் கடைசிப் பிள்ளை. ரயிலில் கொழும்பு போகும் முறை அவனுக்கு வருமுன் ரயில் இல்லாமல் போனது. அவன் வாழ்வில் ஏறிய முதல் ரயில் இத்தாலியில், ஆள்கடத்தும் ஏஜென்சிக்காரன் காட்டிய ரயில். கழிவறைக்குள் நின்றபடி எல்லையைக் கடந்து சுவிஸுக்குள் வந்தான். டிக்கெட் இல்லை, பெயர் இல்லை, தொலைபேசி எண் இல்லை. நாங்கள் மூவரும் மூன்று நாடுகளின் குடிமக்களான பிறகு, அவனிடம் போக ஒரு டிக்கெட் எடுக்க ஒன்பது நாள் ஆனது.

ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை, சரியான பாதை கிடைத்தது. ஹேர்னிங்கில் வெள்ளிக்கிழமை காலை ஆறு நான்குக்கு ஏறி, கோல்டிங்கில் மாறி, ஹம்பேர்க்கில் ஐம்பத்தைந்து நிமிடம் பொறுத்தால், நேரே பேர்ன் போகும் ரயில். நாளுக்கு ஒன்றுதான். இரவு எட்டுக்குப் பேர்ன். ஏழாம் பெட்டி, கழிவறைக்கு அருகில், சன்னலோரம். அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நாள் பாத்தனியே?" என்றார்.

நான் பார்க்கவில்லை. அட்டமி நவமியில் அக்கா வெளிக்கிடமாட்டார். சத்திரசிகிச்சைக்கு வைத்தியசாலை தந்த திகதியையே மாற்றக் கேட்டவர். "இஞ்சத்தைக் கலண்டரை நான் நம்பமாட்டன். உன்னட்ட ஊர்க் கலண்டர் கிடக்கெல்லே, அதைப் பார்." கிடந்தது. நண்பர் ஒருவர் யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்து தந்தது, குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் தொங்கியது. வியாழன் அட்டமி. வெள்ளி, காலை 8.32 வரை நவமி. நான் இருந்ததை இருந்தபடி வாசித்தேன். "அப்ப ஆறு மணிக்கு நவமிக்குள்ள வெளிக்கிடுறதே? சாகக் கிடக்கிறவனைப் பாக்கப் போறன் தம்பி. எட்டரைக்குப் பிறகு ரயில் இல்லையே?" இருந்தது; ஆனால் அது ஹம்பேர்க்கில் அந்த நேர் ரயிலைப் பிடிக்காது. பாசலில் நள்ளிரவில் மாறவேண்டி வரும். சனிக்கிழமை அதே ரயில், அதே நேரம், அதே இருக்கை இருந்தது. நவமி கழிந்த நல்ல நாள். சனியைப் பதிந்தேன், திரும்பி வரும் டிக்கெட்டையும் சேர்த்து. எல்லாம் ஒரே தடவையில் சரிவந்தது. குறியீட்டைக்கூட அக்கா பிழையில்லாமல் வாசித்தார். அன்று நான் நிம்மதியாகப் படுத்தேன்.

சனிக்கிழமை எல்லா ரயில்களும் நேரத்துக்கு வந்தன. நான் பயந்த ஹம்பேர்க்கில் அக்கா ஐம்பத்தைந்து நிமிடத்தில் ஒரு தேநீரும் குடித்து, ஒரு சோமாலியப் பெண்ணிடம் பெட்டியைத் தூக்கிக் கொடுக்கச் சொல்லி, நேரத்துக்கு முன்னமே மேடையில் நின்றார். என் சமையலறையில் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு, புள்ளி ஒன்று தெற்கே இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மொன்றியல் நேரம் ஒன்பது நாற்பத்தைந்துக்குச் சாந்தி அழைத்தார். குகன் போய்விட்டான். அழுகைக்கு நடுவில் அவர் கேட்டது ஒன்றுதான்: "மச்சாளுக்கு ஆர் சொல்லுறது?" ரயில் அப்போது பிராங்பேர்ட்டைத் தாண்டியிருந்தது. இன்னும் நான்கு மணிநேரம்.

நான் அக்காவை அழைத்தேன். சொல்லத்தான் அழைத்தேன். அவர் முந்திக்கொண்டார். "இஞ்ச வெளியில ஒரே வெயில் தம்பி. பனியே இல்லை. ஒரு ஆறு பக்கத்திலயே வருது." பிறகு, "அவனுக்குப் பால் ரொட்டி சுட்டுக்கொண்டு வாறன். தின்னமாட்டான் எண்டு தெரியும். மணந்தாவது பாக்கட்டும். முழிச்சிருக்கிறானோ?"

"ஓம் அக்கா."

"நான் வாறன் எண்டு தெரியுமோ?"

"தெரியும்."

"என்னவாம்?"

"ஒண்டும் சொல்லேல்லை. சிரிச்சவனாம்."

ஒற்றைக் கண்ணோடு தனியாக இருக்கும் ஒருவருக்கு, நான்கு மணிநேரம் ஓடும் ரயிலுக்குள் அந்தச் செய்தியைக் கொடுக்கக்கூடாது என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் பேப்பரில் ஆறு ஆண்டு, அதன்பின் இத்தனை ஆண்டு, நான் அறிந்தே கொடுத்த ஒரே பொய்ச் செய்தி அது. பேர்ன் மேடையில் சாந்தியின் நெற்றியைப் பார்த்துத்தான் அக்கா அறிந்தார். பால் ரொட்டிப் பெட்டி கையிலேயே இருந்ததாம்.

வெள்ளிக்கிழமை மாலையைப் பற்றிச் சாந்தி பிறகு சொன்னார். அன்று அவன் தெளிவாக இருந்தான். தேநீர் கேட்டு அரைக் கோப்பை குடித்தான். "அக்கா எத்தினை மணிக்கு வருவா?" என்று கேட்டான். நாளைக்கு என்றார்கள். "நாளைக்கோ," என்றான். எட்டு மணிக்கு அதைக் கேட்டான் என்று சாந்தி சொன்னதும் நான் நேரத்தை இரண்டாம் தரம் கேட்டு உறுதிப்படுத்தினேன். பழக்கம். வெள்ளிக்கிழமை ரயில் பேர்னுக்கு வந்த நேரம் அது.

மரண அறிவித்தலை நானே எழுதினேன். வேறு யார் எழுதுவது. அன்னாரின் அன்புச் சகோதரி இந்திராணி, அடைப்புக்குறிக்குள் டென்மார்க். என் பெயர், அடைப்புக்குறிக்குள் கனடா. எழுதும்போது அக்கா பேர்னில், அவன் உடலிலிருந்து பத்தடி தூரத்தில் இருந்தார். அறிவித்தல் அவரை டென்மார்க்கில் வைத்தது. நிற்கும் இடம் அடைப்புக்குறிக்குள் வருவதில்லை என்ற விதியை நான்தான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

செத்தவீடு முடிந்து ஐந்தாம் நாள், குகன் சொல்லாமல் விட்டதை அக்காவிடம் தொலைபேசியில் சொன்னேன். மூன்று தரம் ஸ்டேஷனுக்குப் போனது, ஹம்பேர்க் வரைக்கும்தான் என்றது, அரை மணித்தியாலம்.

"மூண்டு தரமோ?"

"ஓம் அக்கா."

"நீ எப்ப அறிஞ்சனி?"

"ஒக்டோபரில."

"பேந்தேன்டா எனக்குச் சொல்லேல்லை?"

"தானே நேரில சொல்ல வேணும் எண்டவன்."

"அவன் நேரில சொல்ல வேணும், நீ ஒழுங்கா ரயில் பாக்க வேணும், நான் நாள் பாக்க வேணும்," என்றார். குரலில் கோபம் இல்லை. "ஒரு ஃபோன் எடுத்திருக்கலாம் மூண்டு பேரும்." உண்மைதான். பதினொரு ஆண்டாக எங்கள் மூவரின் கைகளிலும் தொலைபேசி இருந்தது. ஒக்டோபருக்குப் பிறகாவது நான் வாக்கை மீறியிருந்தால், அக்கா அன்றே அவனுக்கு எடுத்திருப்பார். ரயிலே தேவைப்பட்டிருக்காது.

அதற்கு அடுத்த நாள், அந்தியேட்டி என்றைக்கு வருகிறது என்று பார்ப்பதற்காக அதே கலண்டரைச் சுவரிலிருந்து கழற்றினேன். கையில் வைத்துப் பார்க்கும்போதுதான் அடியில் சிறிய எழுத்தில் ஒரு வரி தெரிந்தது: நேரங்கள் யாவும் இலங்கை நேரப்படி. நான் கதிரையில் உட்கார்ந்தேன். வெள்ளி காலை 8.32 என்பது யாழ்ப்பாணத்தில் 8.32. டென்மார்க்கில் அது அதிகாலை நான்கு மணி இரண்டு நிமிடம். ஆறு நான்குக்கு ரயில் வெளிக்கிடும்போது நவமி கழிந்து இரண்டு மணிநேரம் ஆகியிருக்கும். அக்காவின் கணக்கிலேயே வெள்ளி நல்ல நாள். ஒன்பது நாளாக நான்கு நிரல்களில் நேரம் மாற்றிக்கொண்டிருந்தவன் அந்த ஒரு நேரத்தை மட்டும் மாற்றவில்லை. ஊரின் நேரத்தை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அது எங்கேயும் அதே நேரம்தான் என்பதுபோல வாசித்திருக்கிறேன்.

நாள் நட்சத்திரத்தை நம்புகிறவன் அல்ல நான். நவமியில் வெளிக்கிட்டாலும் அந்த ரயில் எட்டுக்குப் போயிருக்கும். ஆனால் அக்கா நம்புகிறார். நல்ல நாளில் புறப்பட்டேன், விதி முந்திவிட்டது என்று அங்கே வருகிறவர்களிடம் சொல்கிறாராம். அந்த நம்பிக்கையின் விதிப்படியே பிழைவிட்டது நான் என்பதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. இருமுறை அழைத்தேன், கண் எப்படி என்று கேட்டுவிட்டு வைத்தேன். இந்தப் பக்கம் அச்சில் வந்தால் அக்கா வாசிப்பார். என் பெயரில் வரும் எதையும் விடமாட்டார். அந்தியேட்டி முடிந்த பிறகு வாசிக்கட்டும். ஒரு மரண அறிவித்தலில் திகதி பிழைத்தால் அடுத்த நாள் அதே இடத்தில் திருத்தம் போடுவோம். எனக்குத் தெரிந்த வழி அது.

பத்தரை மணிக்கு, விமானங்களுக்கு உணவு அடுக்கும் என் வேலையிடத்தில் இடைவேளை. என் வரிசையில் தட்டுகளுக்குப் பாண் வைக்கும் மிரேய், ஹெய்ட்டியிலிருந்து வந்தவர், என் எதிரே கோப்பியோடு உட்கார்கிறார். கைப்பேசி மீண்டும் அதிர்கிறது. ஹம்பேர்க்கில் ஜெர்மன் செயலி ஓய்ந்து டென்மார்க்காரருடையது விழித்திருக்கிறது. டென்மார்க் ரயில் புறப்பட்டுவிட்டது. திரையில் ரயிலின் படத்தைக் கண்டு மிரேய்க்குச் சந்தோஷம். "பயணம் போகிறாயா? எனக்குச் சொல்லவே இல்லையே." எப்படி விளக்குவது என்று யோசிப்பதற்குள், "என்ன கேட்கிறது?" என்றார். இருக்கையில் அமர்ந்துவிட்டீர்களா, ஆம், இல்லை என்று கேட்கிறது என்றேன். "ஆம் என்று சொல்லு," என்றார் மிரேய், தகரக் கரண்டியால் சீனியைக் கலக்கியபடி. "இல்லையென்றால் உன் இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள்."

ஆம் என்பதை அழுத்தினேன்.

மூன்று மணிக்கு வேலை முடிகிறது. பேருந்து நிறுத்தத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் ஆறு பேர் நெருக்கி நிற்கிறோம். தலைக்கு மேலே ஐரோப்பா போகும் மாலை விமானங்களில் முதலாவது ஏறுகிறது. காலையில் நாங்கள் அடுக்கிய தட்டுகள் அதற்குள் இருக்கும். மூன்று இருபதுக்குக் கைப்பேசி கடைசியாக ஒருமுறை அதிர்கிறது. கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றிவிட்டுப் பார்க்கிறேன். டேனிஷ் மொழியில் இரண்டே வரி. ஹேர்னிங். நீங்கள் வந்து சேர்ந்துவிட்டீர்கள்.